எத்தனை எச்.பி.ன்னு கேக்காதீங்க சாமி!

தோட்டத்துக்கு ஒரு சின்ன டிராக்டர் வாங்கலாம்னு இருக்கேன்னு வாயைத் திறந்தா போதும். ஊர் டீக்கடை பெஞ்சுல ஆரம்பிச்சு பெங்களூரு ஆபீஸ் கேண்டீன் வரைக்கும் ஒரே கேள்விதான் வரும்: "எத்தனை எச்.பி.?" நீங்க 24ன்னு சொன்னீங்கன்னா எதிராளி மூஞ்சியைப் பாக்கணுமே! பையன் பிளஸ் டூவுல பார்டர்ல பாஸான மாதிரி ஒரு இரக்கம். அடுத்த வரி எனக்கு மனப்பாடம். "எடுக்கறதே எடுக்கறோம், ஒரு 45 எடுத்துப் போடுங்க தம்பி, கடைசி வரைக்கும் நிக்கும்."

நிக்கும். அதான் பிரச்சினையே. ஷெட்டுல நிக்கும்.

டிஸ்கி: எந்த டிராக்டர் கம்பெனியும் எனக்கு ஒரு டீ கூட வாங்கித் தந்ததில்லை. நான் விவசாயப் பட்டதாரியும் இல்லை, பொட்டி தட்டுறவன். ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. ஊடுபயிரா கோகோ, அங்கங்கே ஜாதிக்காய். நான் மாசத்துக்கு ரெண்டு தடவை ஆணி பிடுங்குறதுக்கு லீவு விட்டுட்டு ஊருக்கு வருவேன். மத்த நாளெல்லாம் தோட்டத்துல இருக்கிறது அப்பா. இந்தப் பதிவு என்னை மாதிரி வாரக்கடைசி விவசாயிகளுக்கு மட்டும். நாப்பது ஏக்கர் நெல்லு, கரும்பு வச்சிருக்கிறவங்க தாராளமா பெருசு வாங்கிக்குங்க, உங்களோட எனக்குச் சண்டை இல்லை.

சண்டை என் மாமா மாதிரி ஆளுங்களோடதான். அவர்கிட்ட 47 எச்.பி. வண்டி ஒண்ணு இருக்கு. மூணேகால் ஏக்கர் தோட்டம். கேட்டா, "மாப்ள, வண்டின்னா ஒரு கெத்து வேணும்"னு சொல்வார். கெத்துக்கு மாசாமாசம் தவணை கட்டுறார்.

எச்.பி.ங்கிற நம்பரைப் பத்தி முதல்ல ஒரு பழங்கதை. அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாகாணத்துல வில்மட் குரோசியர்னு ஒரு விவசாயி இருந்தார். மினியாபோலிஸ் கம்பெனி ஒண்ணு வித்த 'ஃபோர்ட்' டிராக்டரை வாங்கினார். கார் ஹென்றி ஃபோர்டுக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பேருக்காகவே ஃபோர்ட்னு பேர் வச்ச ஒருத்தரைப் பிடிச்சுச் சேர்த்து வச்சிருந்தாங்க (நம்ம ஊர் டூப்ளிகேட் பேட்டரி யாவாரமெல்லாம் இதுகிட்ட பிச்சை வாங்கணும்). வண்டி சொன்ன வேலையைச் செய்யலை. மனுஷன் சும்மா விடலை. சட்டசபைக்குப் போன பிறகு 1919ல ஒரு சட்டத்தையே கொண்டுவந்துட்டார்: எங்க மாகாணத்துல டிராக்டர் விக்கணும்னா முதல்ல பல்கலைக்கழகத்துல சோதிச்சுக் காட்டு, அப்புறம் வித்துக்கோ. 1920ல லிங்கன்ல ஆரம்பிச்ச அந்தச் சோதனைக்கூடம் இன்னிக்கும் இருக்கு.

நம்ம நாட்டுல இந்த வேலையை மத்தியப் பிரதேசம் புத்னியில இருக்கிற மத்திய அரசு நிலையம் செய்யுது. அந்தச் சோதனை அறிக்கையைக் காட்டுங்கன்னு நான் ஒரு ஷோரூம்ல கேட்டேன். சேல்ஸ் தம்பி என்னை வருமானவரி ஆபீசர் மாதிரி பார்த்தார். ஆனா கேக்கணும். ஏன்னா பானட்டுல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது எஞ்சின் எச்.பி. பின்னாடி கருவியைச் சுத்தவைக்கிற தண்டு இருக்கே, பி.டி.ஓ., அதுல வந்து சேர்றது அதைவிடக் கம்மி. உத்தேசமா நூத்துக்கு எண்பத்தஞ்சுன்னு வச்சுக்கலாம். களை வெட்டப்போறது ஸ்டிக்கர் இல்லீங்க, அந்தத் தண்டு.

அப்போ கணக்கை எங்கிருந்து போடணும்? வேலையில இருந்து. எங்க தோப்புல டிராக்டருக்கு வேலை என்ன? முதல் வேலை களை வெட்டுறது. மழை பேஞ்சு மூணே வாரத்துல பார்த்தீனியமும் கோரையும் இடுப்புக்கு வந்துடும். ரெண்டாவது, தேங்காய், மட்டை, எரு, உர மூட்டை இழுக்கிறது. மூணாவது, எப்பவாவது மருந்துத் தண்ணி அடிக்கிறது. அவ்வளவுதான். ஏர் ஓட்டுறது இந்தப் பட்டியல்லயே இல்லை, அதுக்கு அப்புறம் வரேன்.

களை வெட்ட ஸ்லேஷர். ஒரு அடி அகலத்துக்கு பி.டி.ஓ.வுல அஞ்சு எச்.பி. இருந்தா திக்காம ஓடும்னு பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க. நாலடி ஸ்லேஷருக்கு இருபது. எஞ்சின்ல இருபத்துநாலு. முடிஞ்சுது! 15 எச்.பி. வண்டியில தண்டுக்கு வர்றது பன்னெண்டு பதிமூணு. இடுப்பளவு களையில அதோட நாலடி ஸ்லேஷரைக் கட்டினா மூச்சு வாங்கும். ரெண்டரை அடிதான் தாங்கும். அது பருத்தி, காய்கறி வரிசைக்கு நடுவுல ஓட்டவும் மருந்தடிக்கவும் அருமையான வண்டி, தோப்புக் களைக்கு இல்லை. ஆக, எச்.பி. வேலையில இருந்து கடைசியா வர்ற விடை. நம்மாளுங்க விடையை முதல்ல எழுதிட்டு அதுக்கேத்த வேலையைத் தேடுறாங்க.

அந்த நாலடி ஸ்லேஷர் மணிக்கு மூணு கிலோமீட்டர்ல போனா, திரும்புறது, மரத்தைச் சுத்துறதுன்னு கழிச்சுக்கூட, ஒரு ஏக்கருக்கு ஒண்ணரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். நாலு ஏக்கருக்கு ஆறேழு மணி நேரம். ஒரு நாள் வேலைங்க. இதுக்கு எதுக்கு 45?

"பெருசா இருந்தா சீக்கிரம் முடியுமே"ன்னு வருவீங்க. வாங்க. தென்னைக்கு மரத்துக்கு மரம் 25 அடி. ரெண்டு பக்கமும் வட்டப்பாத்திக்கு ஆறாறு அடி விட்டா நடுவுல பதிமூணு அடி. வெறும் தென்னையா இருந்தா எந்த டிராக்டரும் போகும், ஒத்துக்கறேன். அந்தப் பதிமூணு அடியில கோகோ வச்சுட்டீங்கன்னா? கோகோ கிளை இடுப்புக்கு மேல குடை பிடிச்ச மாதிரி பரவி நிக்கும். பெரிய வண்டி போனா சைலன்சர் கிளையை முறிக்கும், மட்கார்டு பட்டையை உரிக்கும். காய் காய்க்கிறதே பட்டையிலதான், அது மாமாவுக்குத் தெரியாதா? தெரியும். கெத்து!

எடையைப் பத்தி யாருமே பேசுறதில்லை. 45 எச்.பி. வண்டி ரெண்டு டன்னை ஒட்டி வரும். 24 எச்.பி. நாலு சக்கர இழுவை வண்டி ஒரு டன்னுக்கு உள்ளே. ஈரமண்ணுல ரெண்டு டன் வருஷத்துக்கு ஆறு தடவை ஏறி இறங்கினா மண்ணு செங்கலாகும். அப்புறம் மழைத்தண்ணி உள்ளே இறங்கலைன்னு ஒப்பாரி வைக்கிறது. போதாக்குறைக்கு சொட்டுநீர்க் குழாய் மேல ஏத்திட்டு, "இந்தக் குழாய் தரமே இல்லைங்க"ன்னு கடைக்காரனைத் திட்டுறது.

இப்போ ரோட்டவேட்டர். இதுலதான் எனக்கு ரத்தம் கொதிக்குது. சின்ன டிராக்டர் வாங்கப் போனா, பொண்ணுக்கு சீர்வரிசை மாதிரி கூடவே ஒரு ரோட்டவேட்டரைத் தலையில கட்டுறாங்க. "அது இல்லாம டிராக்டர் எதுக்குங்க?" களை முளைச்சா ரோட்டவேட்டர், தோட்டம் 'சுத்தமா' தெரியணும்னா ரோட்டவேட்டர், தீபாவளிக்கு முன்னாடி ஒரு ரோட்டவேட்டர். சிமெண்டுத் தரை மாதிரி செவசெவன்னு மண்ணு தெரிஞ்சாதான் நல்ல விவசாயின்னு எவன் சொன்னான்?

தென்னையோட உறிஞ்சு வேர் ஆழத்துல எங்கேயோ இருக்கிறதா நினைச்சுக்கிட்டு இருக்கோம். நிறைய வேர் மரத்தைச் சுத்தி ஆறேழு அடிக்குள்ளே, மேல்மண்ணுக்குக் கொஞ்சம் கீழேயேதான் ஓடுது. ரோட்டவேட்டரைப் பாத்தியை ஒட்டி விட்டா அதைத்தான் அறுக்கிறோம். வருஷா வருஷம் அதே ஆழத்துல கத்தி சுத்தினா, கத்தி நுனி தேய்ச்ச இடத்துல அடிமண்ணு இறுகிப்போகும். மேலே மாவு, கீழே தட்டு. பேஞ்ச மழை மேல்மண்ணை அள்ளிக்கிட்டு வாய்க்காலுக்குப் போகும். அதுவும் போக, கோரையைப் பத்தி ஒண்ணு. அதை ரோட்டவேட்டர்ல நறுக்கினா கிழங்கைத் தோட்டம் பூரா விதைச்ச மாதிரி! அடுத்த மழைக்கு வந்து பாருங்க.

வெட்டி விட்டா களை அங்கேயே காஞ்சு மூடாக்கா கிடக்கும். மண்ணு வெயில்ல வேகாது. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊரா நடந்து சொன்னது இதைத்தான். அவர் போட்டோவை வாட்ஸப்புல ஸ்டேட்டஸா வச்சிருக்கிற அதே ஆள் ஞாயித்துக்கிழமை ரோட்டவேட்டர் ஓட்டுறான். மழைக்கு முன்னாடி ஒரு ஓட்டு கொக்கிக் கலப்பை போடணும்னா போடலாம், தப்பில்லை. அது வருஷத்துக்கு ஒரு தடவை. அதுக்கு வாடகை வண்டி இருக்கு.

எதிர்க் கோஷ்டி ஒண்ணு இருக்கு, நம்ம இனத்தாருங்க. அமெரிக்கக்காரன் வீடியோ பார்த்துட்டு வர்றவங்க. பச்சை கலர் குட்டி டிராக்டர், வயித்துக்கு அடியில புல்வெட்டி, கியரே இல்லாம பெடலை அமுக்கினா முன்னே பின்னே போகுது, முன்னாடி மண் அள்ளுற வாளி. எச்சில் ஊறும், எனக்கும் ஊறுச்சு. ஆனா அவன் வெட்டுறது வாரா வாரம் வெட்டுற, நாலு விரக்கடை உயரப் புல்தரை. நம்ம தோப்புல களைக்குள்ளே என்ன ஒளிஞ்சிருக்கு? உரிமட்டை, ஒல்லிக்காய், கொட்டாங்குச்சி, காஞ்ச மட்டையோட அடிக்கட்டை. அந்த மெல்லிசு பிளேடு முதல் நாளே முறுக்கிக்கும். நமக்கு வேண்டியது முட்டினா மடங்குற கத்தி, அதிகமா திணறினா தானே உடைஞ்சு கியர்பெட்டியைக் காப்பாத்துற ஷியர் போல்ட்டு, பின்னாடி சங்கிலித் திரை. சங்கிலித் திரை இல்லாத ஸ்லேஷரை யாராவது கம்மி விலைக்குத் தந்தா ஓடியே போயிடுங்க. கொட்டாங்குச்சித் துண்டு தோட்டா மாதிரி வரும்.

வண்டியில பாக்க வேண்டிய இன்னொரு சமாச்சாரம் கிளட்ச். சில வண்டியில கிளட்சை மிதிச்சா சக்கரமும் நிக்கும், பி.டி.ஓ.வும் நிக்கும். அடர்ந்த களையில திணறுதேன்னு மிதிச்சா கத்தி நின்னுடும். திரும்ப விடும்போது அந்தக் குவியலுக்குள்ளேயே சுத்தணும், முக்கும். தனி பி.டி.ஓ. இல்லைன்னா ரெட்டைக் கிளட்ச் இருந்தா, வண்டி நிக்கும், கத்தி பாட்டுக்கு வெட்டிக்கிட்டு இருக்கும். களை வெட்டுறவனுக்கு இது 10 எச்.பி. கூடுதலா இருக்கிறதைவிட உபயோகம். ஷோரூம்ல இதை யாரும் தானா சொல்ல மாட்டாங்க, நாமதான் மிதிச்சுப் பாக்கணும். சிலிண்டர் ஒண்ணா ரெண்டா மூணாங்கிறதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமா படலை. பக்கத்து ஊர்ல மெக்கானிக் இருக்காரா, உதிரிபாகம் பொள்ளாச்சியில கிடைக்குதாங்கிறது பெரிய விஷயம்.

சரி, இப்போ நிஜமான விஷயத்துக்கு வரேன்.

டிராக்டரை வாங்குறது நான். ஓட்டப்போறது? சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் நான், போட்டோவுக்கு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு, சுத்துவட்டாரத்துல ஆளே இல்லாதப்போ ஓட்டப்போறது எங்கப்பா. வயசு 59. தோள்ல துண்டு, இடுப்புல வேட்டி. வார இறுதியில விவசாயம் பண்றேன்னு பெருமையடிக்கிற நம்மள்ல முக்காவாசிப் பேருக்கு இதே கதைதான். பெங்களூருல உக்காந்து ஒரு மெஷினைத் தேர்ந்தெடுக்கிறோம், அதுமேல உக்காரப்போறது வேற ஒருத்தர்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, எங்க ஊர்ப்பக்கம் ஒரு அண்ணன் பட்டுப்போன தென்னையோட அடிக்கட்டையைப் பிடுங்க சங்கிலி கட்டி இழுத்தார். சங்கிலியைக் கீழே இழுவைக் கொக்கியில மாட்டாம, மேலே, மூணாவது இணைப்புக் கம்பியில மாட்டிட்டார். கட்டை அசையலை. சக்கரம் பிடிச்சுக்கிச்சு. முன்சக்கரம் எந்திரிச்சுது. அவ்வளவுதான், வண்டி அப்படியே பின்னாடி மல்லாந்துடுச்சு. ரெண்டு செகண்டு கூட இல்லை, குதிக்கவெல்லாம் நேரமே கிடையாது. பையன் காலேஜ் முதல் வருஷம்.

அவர் வண்டியில 'ஹூட்' இருந்துச்சு. வெயிலுக்குப் போடுற தகரக் கூரை. அது அப்பளம் மாதிரி நொறுங்கிப்போச்சு.

சீட்டுக்குப் பின்னாடி நிக்கிற ரெண்டு காலு இரும்பு வளையம், ரோல் பார்னு சொல்றது, அது வேற. வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுறவர் உக்கார்ந்திருக்கிற அளவு இடத்தை நசுங்க விடாது. கூடவே சீட் பெல்ட் போடணும், இல்லைன்னா அந்த இடத்துக்கு வெளியே தூக்கி எறிஞ்சுடும். (ரோல் பாரை மடக்கி வச்சிருக்கும்போது பெல்ட் போடக்கூடாது. கோகோவுக்குள்ளே போக மடக்கினா, வெளியே வந்ததும் நிமித்திடணும்.) ஸ்வீடன்ல 1959லயே புது டிராக்டருக்கெல்லாம் இது கட்டாயம்னு சட்டம் போட்டுட்டாங்க. சில பத்து வருஷத்துல அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவுறது கிட்டத்தட்ட இல்லாமலே போச்சு. மாயமில்லை, மந்திரமில்லை. இரும்புக் கம்பி.

நான் ஷோரூம்ல இதைக் கேட்டப்போ வந்த பதில்: "அதெல்லாம் ஃபாரினுக்குத்தாங்க தம்பி. நீங்க ஹூட் போட்டுக்குங்க, நல்லா வெயில் தாங்கும். பாட்டு கேக்க ஸ்பீக்கரும் வச்சுத் தரேன்." எனக்கு வந்த கோவத்துக்கு... வேண்டாம், அப்பா பக்கத்துல இருந்தார். ஆறு வாரம் காத்திருந்து கம்பெனி கம்பிதான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னு வாங்கினேன். பட்டறையில வெல்டு வச்சுக்கலாமேன்னு ரெண்டு பேர் யோசனை சொன்னாங்க. சோதிச்சுப் பார்க்காத வெல்டு, கவிழும்போதுதான் சோதனையாகும். அந்தச் சோதனையில எங்கப்பாவை உக்கார வைக்க எனக்கு இஷ்டமில்லை.

இன்னொண்ணு அந்தப் பி.டி.ஓ. தண்டு. நிமிஷத்துக்கு 540 சுத்து. செகண்டுக்கு ஒம்போது. துண்டு நுனி மாட்டுச்சுன்னா, "ஐயோ"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ளே ரெண்டடி துண்டைச் சுருட்டிடும். அது கழுத்துல இருக்கிற துண்டு. தண்டு மேல பிளாஸ்டிக் உறை ஒண்ணு வரும். எங்கே போனாலும் பாருங்க, அதைக் கழட்டி ஷெட்டு மூலையில போட்டு வச்சிருப்பாங்க, கிரீஸ் அடிக்க இடைஞ்சலாம். அப்பாகிட்ட ரெண்டே ரெண்டு விஷயத்துக்குத்தான் மல்லுக்கட்டினேன்: உறையைக் கழட்டக்கூடாது, துண்டு போட்டுக்கிட்டு ஏறக்கூடாது. இப்போ துண்டை அந்த ரோல் பார்லதான் கட்டி வைக்கிறார். வேட்டிக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டு இருக்கு :-)

காசு விஷயம். 2025 செப்டம்பர் 22லருந்து டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்துல இருந்து 5 ஆச்சு. வரிக்கு முன்னாடி அஞ்சு லட்சம் விலைன்னா 35,000 ரூபாய் மிச்சம். அந்த மிச்சத்தை ஸ்பீக்கருக்கும் கலர் லைட்டுக்கும் கொட்டாம ரோல் பாருக்குக் கொடுங்க.

ஆனா வாடகையைவிட லாபம்னு சொல்லிக்கிட்டு வாங்காதீங்க, கணக்கு உதைக்கும். ஸ்லேஷரோட ஆறு லட்சம்னு வைங்க. பத்து வருஷம் கழிச்சு ரெண்டு லட்சத்துக்குப் போகும். வருஷத்துக்கு நாப்பதாயிரம் தேய்மானம். எங்க வண்டி அவர் மீட்டர்படி வருஷத்துக்கு 75 மணி நேரம் ஓடுது. மணிக்கு ஐநூறு ரூபாய்க்கு மேல அதுலயே போச்சு. டீசல், சர்வீஸ், வட்டி எல்லாம் சேர்த்தா ஆயிரத்தைத் தாண்டும். எங்க பக்கம் வாடகை வண்டியும் ஏறக்குறைய அதே ரேட்டுதான். வேளாண்மைப் பொறியியல் துறை வண்டியை உழவன் செயலியிலயே பதிஞ்சுக்கலாம். ரெண்டு ஏக்கருக்குக் கீழேன்னா தோள்ல மாட்டுற புல்வெட்டி போதும், இல்லைன்னா நாலு செம்மறி, அதுக்கு டீசலும் வேண்டாம். நாங்க வாங்கினது, மழை விட்ட ரெண்டாவது நாள் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே நேரத்துல வண்டி தேவைப்படும்போது யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம்னுதான். அது வசதி. வசதிக்குக் காசு குடுக்கிறோம்னு தெரிஞ்சு குடுக்கலாம். 45 எச்.பி.யில அதே 75 மணி நேரத்தை ஓட்டிட்டு அதை முதலீடுன்னு சொன்னா எப்படிங்க?

வருஷத்துக்கு ஒரு ஓட்டு கலப்பை போட மட்டும் பெரிய வண்டி வேணும். அதுக்கும் வழி இருக்கு. மாமாவோட 47 எச்.பி. ஷெட்டுல சும்மாதானே நிக்குது. டீசல் போட்டுக் கூப்பிட்டா டிரைவரோட வரும், டிரைவர் சீட்டுல மாமாவே வருவார் ;-)